பாலத்து மேட்டில் விளக்கு எரிந்ததா?

அக்டோபர் 12

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் யாரென்று தெரிந்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். போன மாதம் ஐந்தாம் தேதி இரவு, பாலத்துக்கு முன்னால் இருக்கிற மேட்டில் உங்கள் சைக்கிளை இடித்த பால் லாரியின் டிரைவர் நான்தான்.

கை எப்படி இருக்கிறது? மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். விசாரணை முடியும்வரை உங்களுக்கு எழுதக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. விசாரணையில் எனக்குக் காட்டின உங்கள் வாக்குமூலத்தின் மேல்மூலையில் முகவரி இருந்தது. பார்த்து வைத்துக்கொண்டேன். தப்புதான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உங்கள் சைக்கிளின் பின்விளக்கு எரிந்தது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். விழுந்த வேகத்தில் விளக்கு நொறுங்கிப்போனதால் அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. நான் எந்த வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. லாரியின் பக்கவாட்டுப் பலகை உங்கள் ஹேண்டில் பாரில் உரசின சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே ஒரு ஆள் இருப்பதே தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக இரவில்தான் ஓட்டுகிறேன். டிப்போவில் எனக்கு ஆந்தை என்று பெயர்.

நான் சண்டைக்கு வரவில்லை. விளக்கு எரிந்திருந்தால் என் கண்ணில் ஏதோ கோளாறு. அப்படிப்பட்டவன் இனி ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. இப்போது என்னை உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். நிரந்தரமாக அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் விசாரணையையும் முடித்துவிடுவார்களாம். போடலாமா வேண்டாமா என்பது உங்கள் பதிலில்தான் இருக்கிறது. உண்மையை எனக்கு மட்டும் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் கம்பெனி காதுக்குப் போகாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
பால் லாரி டிரைவர்


அக்டோபர் 19

டிரைவர் ஐயாவுக்கு,

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கையால் ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிப் பாருங்கள், தெரியும். என் மகளுக்கு ஆறு வயசு. தானே பின்னிக்கொள்கிறேன் என்று தலையில் ஒரு குருவிக்கூட்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே சிரிக்கிறார்களாம்.

எங்கள் வீட்டுக்காரர் ரொட்டி சுடுகிற வேலைக்கு விடியற்காலை நாலு மணிக்குப் போய் மத்தியானம் ஒரு மணிக்கு வருவார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வெளியே வருவேன். காலையில் பிள்ளைக்கு நான், சாயங்காலம் அவர். நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எங்கள் குடும்பம். இந்த ஷிப்டை விட்டால் காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

விளக்கு எரிந்தது. ராத்திரி சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவர்களை வாசலில் காவலாளி நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முன்விளக்கும் பின்விளக்கும் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். விளக்கு இல்லையென்றால் அந்த ஷிப்டே கிடையாது. அன்றைக்கும் பார்த்தார். அவர் நோட்டில் என் பெயருக்கு நேரே டிக் இருக்கிறது. வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி என்னைக் கேட்டால்? டாக்டரைக் கேளுங்கள். நீங்கள் ஓடிப்போகாமல் என்னைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக நர்ஸ் சொன்னார். அதற்காக மட்டும்தான் இந்தப் பதில். இனி எழுத வேண்டாம்.


அக்டோபர் 28

அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கூடவே ஒரு பொட்டலம் அனுப்புவதால் இதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பதிலை நம்புகிறேன். கையில் அடிபட்டு வலியோடு கிடந்தவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கண் டாக்டரிடமும் போனேன். பழுதில்லை என்கிறார். பட்டப்பகலில் சுவரில் இருக்கிற எழுத்தைப் படித்துக் காட்டுவதும், இருட்டில் எழுபது பால் கேன் கனத்தோடு மேடு ஏறுவதும் ஒன்றா? அவருக்கு என்ன தெரியும். முப்பத்தொன்றாம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுவேன். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கட்டுப் பிரித்ததும் நீங்கள் மறுபடி அந்த மேட்டில்தான் சைக்கிளில் வர வேண்டும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அதனால் லாரிக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வெளியே என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அசையாமல் இருக்கிற சின்னச் சிவப்பு வெளிச்சத்தை நாங்கள் பல சமயம் எங்கோ ஒரு வீட்டு விளக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம். இரண்டு புள்ளிகள் மேலும் கீழும் மாறி மாறிப் போனால், அடடா மனுஷக் கால் என்று புத்திக்கு எட்டும் முன்னாலேயே எங்கள் கால் பிரேக்குக்குப் போய்விடும். அதனால் லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் பளபளக்கும் ஸ்டிக்கரை வெட்டி வைத்திருக்கிறேன். செருப்பின் குதிகாலிலும் பெடலின் ஓரத்திலும் ஒட்டுங்கள். வெள்ளைத் துணி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாத் துணியும் சாம்பல்தான். சாலை ஓரத்தை உரசிக்கொண்டும் போக வேண்டாம். ஒரு கை நீளம் உள்ளே தள்ளிப் போனால் பள்ளம் வந்தால் விலக இடம் இருக்கும். எதிரே வருகிற ஹெட்லைட்டைப் பார்க்காமல் சாலையோரக் கோட்டைப் பாருங்கள், கண் கூசாது.

குளிர் நாளில் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டால் காற்று ஏறாது. கண்ணில் பூச்சி விழாமல் இருக்க ஒரு வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டு நோகாமல் இருக்க ஹேண்டில் பாரில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றுங்கள். மேட்டில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் ஒன்றும் மானம் போகாது.

இதை எழுதும்போது என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டாள். "இடிச்சதும் நீங்க, பாடம் எடுக்கிறதும் நீங்களா?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனாலும் பொட்டலத்தில் இருக்கிற கையுறையைத் தைத்துக் கொடுத்தது அவள்தான்.


நவம்பர் 7

அண்ணனுக்கு,

ஐயா என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். கையுறை எனக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது. அண்ணியிடம் சொல்லுங்கள்.

ஸ்டிக்கர் என் மகள் கையில் மாட்டிக்கொண்டது. என் செருப்பு, பெடல், அவள் புத்தகப் பை, வீட்டு விளக்குமாறு எல்லாவற்றிலும் ஒட்டித் தீர்த்துவிட்டாள். அப்பாவின் செருப்பையும் விடவில்லை. அவர் விடியற்காலை இருட்டில் மின்னிக்கொண்டே வேலைக்குப் போய், ரொட்டி அடுப்படியில் இருக்கிறவர்கள் எல்லாரும் கிண்டல் பண்ண, கோபமாக வந்தார். பிய்க்கத்தான் போகிறார் என்று பார்த்தேன். இன்னும் பிய்க்கவில்லை.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். வியாழக்கிழமை முதல் சைக்கிளை எடுக்கிறேன். நேற்று நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். தெருக்கோடியில் அவர் டார்ச்சோடு நின்றார், நான் ஓட்டிக்கொண்டு போனேன். உடம்பு தெரியும் முன்னாலேயே குதிகால் தெரிந்ததாம். இவ்வளவு நாளும் எந்தத் தைரியத்தில் போய் வந்தேன் என்று அவர் கேட்டார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? போடவில்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதற்கு மேல் நாலு வரி எழுதிக் கிழித்துவிட்டேன்.


நவம்பர் 14

தங்கச்சிக்கு,

சொன்ன தேதியிலேயே போட்டுவிட்டேன். என் வண்டியை இன்னொருத்தர் ஓட்டுகிறார். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அது கேட்டைத் தாண்டும்போது போடுகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து பார்க்கிறேன். நான் ஸ்டோரில் உட்கார்ந்து அதே ஆளுக்கு பல்பும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.

ராத்திரி வீட்டில் இருப்பதில் என் மனைவிக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. ஜன்னலில் நின்று தூரத்தில் போகிற வண்டியின் நம்பரைப் படித்துப் பார்க்கிறேன். சரியாகப் படித்தேனா என்று சொல்ல யாரும் இல்லை. என் தங்கையின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்க மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டேன், அவளுக்கு வருத்தம். தெருவைக் கடக்கும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். முதலில் இந்த வயசில் இதென்ன ஆசை என்று சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

ஏன் பொறுக்கச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மேட்டில் ஜாக்கிரதை.


நவம்பர் 21

அண்ணனுக்கு,

விளக்கு எரியவில்லை. முன்விளக்கும் எரியவில்லை, பின்விளக்கும் எரியவில்லை.

என் சைக்கிளில் இருப்பது டயரில் உரசிச் சுற்றுகிற டைனமோ. அதை டயரில் சாய்த்தால் விளக்கு எரியும், ஆனால் பெடல் கல்லாகக் கனக்கும். சலவையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இஸ்திரி இயந்திரத்துக்குள் படுக்கை விரிப்பைத் தள்ளிவிட்டு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே எனக்குக் காலே இருக்காது. வாசலில் காவலாளிக்கு விளக்கைக் காட்டிவிட்டு வந்து, மேட்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டி டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிடுவேன். உச்சிக்குப் போனதும் மறுபடி சாய்த்துவிடுவேன். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். மேடு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் இருட்டில்தான் போவேன். இறங்கித் தள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது உங்களுக்கு எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறீர்களோ என்று தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு வந்து கேட்டவர்களிடம் எரிந்தது என்று சொன்னேன். எரியவில்லை என்றால் ஷிப்ட் போய்விடும் என்கிற பயம். உங்களிடமும் அதையே எழுதினேன். காவலாளி டிக் போட்டது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன என்றும் நினைத்தேன். ஸ்டிக்கர் வந்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்தும் சொல்லவில்லை.

நீங்கள் அண்ணியின் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கிறீர்கள் என்று படித்த பிறகு என்னால் முடியவில்லை. உங்கள் கண்ணில் ஒன்றுமே இல்லை. இல்லாத வெளிச்சம் எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நாளைக்கே போய்ச் சொல்லிடு. நானும் வர்றேன்" என்றார். இன்று காலை, லீவு போட்டுவிட்டு வந்த அவரோடு உங்கள் கம்பெனி ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து நேராக சலவைப் பிரிவு மேற்பார்வையாளரிடம் போய் அவரிடமும் சொல்லிவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. செய்யட்டும்.


நவம்பர் 30

படித்தேன்.

ஷிப்டுக்காகப் பயந்தீர்கள், அது புரிகிறது. எனக்கும் குடும்பம் இருக்கிறது. என் வேலை போனதில்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கள், கம்பெனிக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணி எழுதினேனே. அதைக்கூட நீங்கள் நம்பவில்லை. நான் உங்களை நம்பி என் கண்ணையே சந்தேகப்பட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியின் கரைகூடத் தெரிந்தது. எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது.

விசாரணையை மறுபடி எடுக்கிறார்கள், அடுத்த மாதம் பதினேழாம் தேதி. உங்களையும் கூப்பிடுவார்கள். அதுவரை எழுத வேண்டாம்.


டிசம்பர் 19

அண்ணனுக்கு,

அப்படிக் கூப்பிட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

நேற்று முன்தினம் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நீங்கள் ஒரு கோடி, நான் ஒரு கோடி. உங்களை ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருக்கிறீர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி மட்டும் என் கையை எடுத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறை சரியாக இருந்ததா என்று கேட்டார். உள்ளே என்னைக் கேட்டதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். டைனமோவை எப்படித் தட்டுவேன் என்று காலை நீட்டிக் காட்டச் சொன்னார்கள். அத்தனை பேருக்கு நடுவில் காட்டினேன்.

சலவைப் பிரிவில் தண்டனையாக என்னை மூன்று மாதத்துக்குப் பகல் ஷிப்டில் போட்டுவிட்டார்கள். காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் வந்து தங்கியிருக்கிறார். வந்த இரண்டாம் நாளே சமையலறை அலமாரியைத் தலைகீழாக மாற்றிவிட்டார். உப்பைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. வாயைத் திறக்காமல் தேடுகிறேன். இது எனக்கு வேண்டியதுதான்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்களா?


ஜனவரி 23

தங்கச்சிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தினமும் என் மனைவியிடம் திட்டு வாங்கினேன். அன்றைக்குப் பெஞ்சில் உங்களைத் திரும்பிப் பார்க்காததற்கும் சேர்த்துத் திட்டினாள். பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம், அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டார்கள். ஒரு அதிகாரி இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது மைல் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். தேறிவிட்டீர்கள், நாளை முதல் வண்டியை எடுங்கள் என்றார். அவர் சொல்லிவிட்டார். என் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணை ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டால் அது லேசில் போகாது. மூன்று வாரம் நத்தையாக ஓட்டினேன். குப்பைத்தொட்டியைப் பார்த்தாலும் பிரேக். பால் தாமதமாகிறது என்று தினமும் புகார். நமக்கு ஸ்டோர்தான் சரி, திரும்பிப் போய்விடலாம் என்று திங்கட்கிழமை காலை என் மனைவியிடம் சொல்லிக்கூட விட்டேன்.

அன்று ராத்திரி அதே பாலத்து மேடு. அடியில் திரும்பும்போது வெகு தூரத்தில், இருட்டில் இன்னொரு இருட்டு அசைகிற மாதிரி தெரிந்தது. விளக்கு இல்லை, ஸ்டிக்கர் இல்லை, ஒன்றும் இல்லை. நான் முடிவு பண்ணுவதற்குள் கால் பிரேக்கில் இருந்தது. கிட்டே போனால் சைக்கிளில் ஒரு அம்மா, நிறைய மூட்டை முடிச்சோடு முக்கி முக்கி மிதித்துக்கொண்டு போகிறார். தாண்டிப் போனால் பின்னால் வருகிறவன் அவரைப் பார்ப்பானா என்று தெரியாது. அதனால் நாலு வண்டி இடைவெளி விட்டு, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, முன்னால் அவருக்கு வழி தெரிகிற மாதிரி பின்னாலேயே ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உச்சிக்குப் போனதும் அந்த அம்மா சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"எதுக்குய்யா என் பின்னாடியே ஊர்ந்து வர்ற? இவ்வளவு பெரிய ரோடு கிடக்கே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுதும்மா" என்றேன். "நல்லா தெரியுது."

அதைச் சொல்லிவிட்டு ஸ்டீரிங் மேல் தலையை வைத்து அழுதேன், தங்கச்சி. அந்த அம்மா பயந்துபோய், "சரி விடுய்யா, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன்